‘பணம் போட்டாச்சு’ என்றால் பணம் வந்துவிட்டதா?

கேள்வி: என் பழைய கேமராவை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒருவர் தொடர்புகொண்டார். பேரமே பேசவில்லை. தான் வெளியூரில் இருப்பதாகவும், பணத்தை இப்போதே போட்டுவிட்டு கூரியர் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். அடையாள அட்டையின் படத்தைக் கூட அனுப்பிவிட்டார். ‘பணம் பெற இதை ஸ்கேன் செய்யவும்’ என்று ஒரு கியூஆர் கோடும் வந்திருக்கிறது. நான் இன்னும் தொடவில்லை. கேமராவை விற்ற பணத்தில் பழைய ஐபோன் ஒன்று வாங்க வேறொருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர், ‘இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், முன்பணம் கொடுத்தால் உங்களுக்கென்று எடுத்து வைக்கிறேன்’ என்கிறார். இருவருமே மரியாதையாக, நம்பும்படிதான் பேசுகிறார்கள். மோசடிக்காரரை எப்படி அடையாளம் காண்பது?

பதில்:

முதல் வேலையாக, அந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யாமல் அப்படியே விட்டுவிடுங்கள். பணம் பெறுபவர் ஸ்கேன் செய்வதும் கிடையாது, பின் எண் போடுவதும் கிடையாது. இரண்டும் கொடுப்பவர் செய்கிற வேலை. பெறுபவர் தன் கணக்கு விவரத்தையோ தன் கோடையோ காட்டினால் போதும். அவர் அனுப்பிய கோடுக்குள் இருப்பது அவருடைய கணக்கும், உங்களிடமிருந்து எடுக்கப்போகும் தொகையும். மேலே ‘பணம் பெற’ என்று எழுதியிருப்பது வெறும் படம். யார் வேண்டுமானாலும் எழுதி ஒட்டலாம். ஐபோன்காரருக்கு முன்பணமும் இப்போதைக்கு வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஆளை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்கிறீர்கள். பேச்சை வைத்து முடியாது. இந்தத் தொழிலில் பேச்சுதான் மிக மலிவான சரக்கு. 2019 வாக்கில் ரஷ்யாவில் தலைகாட்டி, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய ‘கிளாசிஸ்கேம்’ என்ற மோசடி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விளம்பரத்தின் சுட்டியை டெலிகிராமில் ‘பாட்’ எனப்படும் ஒரு தானியங்கி நிரலிடம் கொடுத்தால், உங்கள் கேமராவின் படமும் விலையும் அப்படியே இருக்கும் போலிப் பணப் பக்கம் ஒன்றை அது தயாரித்துத் தரும். பேச வேண்டிய வசனமும் எழுதி வைக்கப்பட்டிருக்கும். அதைப் படிப்பவர் கனிவாகத்தான் பேசுவார்.

அடையாள அட்டைக்கும் மதிப்பு கிடையாது. அந்தப் படத்தில் இருப்பவர், முன்பு இதே போன்ற கும்பலிடம் ஏமாந்த இன்னொருவராக இருக்கலாம். ‘நான் அனுப்பிவிட்டேன், நீங்களும் அனுப்புங்கள்’ என்பது அடுத்து வரும் வரி. அனுப்பினால், அடுத்த வாரம் உங்கள் முகம் வேறு யாருக்கோ நம்பிக்கை கொடுக்கப் போய்விடும். பல ஆண்டுகள் பழமையான கணக்கு, நல்ல மதிப்புரைகள் என்பதையும் இதே கணக்கில் வையுங்கள். திருடப்பட்ட கணக்குகளுக்குத்தான் சந்தையில் கிராக்கி.

எனவே ஆளை விட்டுவிட்டுக் காசைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கேள்விகள். இந்த நிமிடம் பொருள் யார் கையில், பணம் யார் கையில்? என் கைக்கு வந்ததாகச் சொல்லும் பணத்தை யாராவது திரும்ப எடுக்க முடியுமா? இப்படிப்பட்ட விற்பனை மோசடிகளில் பல, ‘பணம் வந்ததுபோல் தெரிகிறது’ என்பதற்கும் ‘இனி திரும்பப் போகாதபடி வந்துவிட்டது’ என்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நடக்கின்றன.

அந்த இடைவெளி ஒவ்வொரு முறைக்கும் ஒவ்வொரு நீளம். ரொக்கத்துக்கு இடைவெளியே இல்லை, கள்ளநோட்டு தவிர. உடனடிப் பரிமாற்றத்தில் சில நொடிகள். அனுப்பியவர் தானாகத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அது திருட்டுப் பணம் என்று புகார் வந்தால் உங்கள் கணக்கே முடக்கப்படலாம். கடன் அட்டை வழியே வந்தால் இடைவெளி மாதக்கணக்கு: விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பல வகைத் தகராறுகளுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. காசோலைதான் மோசம். பல இடங்களில் வங்கி முதலில் உங்கள் கணக்கில் வரவு வைத்துக் காட்டும், காசோலை போலி என்று தெரிய நாட்கள், சில இடங்களில் வாரங்கள் கூட ஆகும், அப்போது அந்த வரவு வந்த வழியே போய்விடும். அந்நியர் தரும் காசோலையை வாங்கவே வேண்டாம்.

‘கூடுதலாகப் போட்டுவிட்டேன்’ வித்தை இந்த இடைவெளியில்தான் வாழ்கிறது. விலை 100 என்று பேசியிருப்பீர்கள். 130 போட்டுவிட்டதாகச் சொல்லி, மீதி 30-ஐக் கூரியர் ஆளிடம் கொடுத்துவிடுங்கள் என்பார். 130 பிறகு மறைந்துவிடும். 30 உங்கள் சொந்தக் காசு, கேமராவும் போயிருக்கும். உண்மையிலேயே கூடுதல் பணம் வந்திருந்தால் நீங்களாகப் புதிதாக ஒரு பரிமாற்றம் செய்யாதீர்கள். வங்கியிடம் சொல்லி, வந்த பரிவர்த்தனையையே திருப்பச் சொல்லுங்கள். தனியாக நீங்களும் அனுப்பி, பழையதும் ரத்தானால் இரண்டு முறை இழப்பீர்கள்.

பேபால் என்ற இணையப் பணச் சேவையில் இன்னொரு நுணுக்கம். ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ என்ற வகையில் அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. கட்டணம் மிச்சம் என்று விற்பவர் அதைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். நீங்கள் விற்கும்போது கதை தலைகீழ். ‘பொருள், சேவை’ வகையில் பணம் வந்தால், பரிவர்த்தனைப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கே பொருளை அனுப்பியதற்குச் சான்று இருந்தால்தான் விற்பவருக்குப் பாதுகாப்பு. இப்போது உங்கள் கேமராக்காரர் சொல்வதைத் திரும்பப் படியுங்கள்: பணத்தைப் போட்டுவிட்டு, தானே ஓர் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்கிறாராம். அந்த ஆள் பையோடு போன பிறகு ‘பொருள் வந்து சேரவில்லை’ என்று புகார் கொடுத்தால் உங்களிடம் காட்ட ஒரு ரசீது கூட இருக்காது. கூரியரை நீங்கள் தேர்ந்தெடுங்கள், நீங்கள் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் அவர் நேரில் வரட்டும்.

பணம் வந்ததா என்பதைப் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்று: உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து பார்க்கும் பரிவர்த்தனைப் பட்டியல். ஸ்கிரீன்ஷாட் கணக்கில் சேராது. அவர் போனில் பச்சை நிற டிக் வருவதும் சேராது. அதைக் காட்டுவதற்கென்றே போலிச் செயலிகள் இருக்கின்றன. குறுஞ்செய்தியும் சேராது. அனுப்புநர் பெயரைப் போலியாகப் போட முடியும் என்பதால், பொய்ச் செய்தி உங்கள் வங்கியின் பழைய செய்திகளுக்குக் கீழேயே, அதே வரிசையில் வந்து உட்காரும். ‘பணம் வந்துவிட்டது, கூரியர் எண்ணைப் பதிவு செய்ததும் விடுவிப்போம்’ என்று வரும் மின்னஞ்சலும் அந்த ரகம். செயலியில் ‘நிலுவையில்’ என்று காட்டினால் அதற்குப் பொருள் ‘வரவில்லை’ என்பதுதான்.

பணம் பெறுவதற்கு இணைப்பு ஏதும் வந்தால் முகவரியைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ‘எச்டிடிபிஎஸ்’ என்பதை அடுத்த இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். அந்தக் கோட்டை ஒட்டி இருக்கும் ‘டாட் காம்’ போன்ற வாலும் அதற்கு முந்தைய பெயரும்தான் உரிமையாளர். அதற்கு முன்னால் புள்ளி வைத்துப் புகழ்பெற்ற சந்தையின் பெயரையோ கூரியரின் பெயரையோ யாரும் போட்டுக்கொள்ளலாம். பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்றால், தகவல் வழியில் களவு போகாது என்று மட்டும்தான் அது சொல்கிறது. திருடனிடமே பத்திரமாகப் போய்ச் சேர்வதை அது தடுக்காது. பணம் பெறுவதற்கு அட்டையின் பின்பக்க மூன்றிலக்க எண்ணையோ ஓடிபியையோ எந்தப் பக்கம் கேட்டாலும் மூடிவிடுங்கள்.

‘நீங்கள் நிஜ ஆள்தானா என்று பார்க்க ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள்’ என்பதும் அடிக்கடி வரும். அது உங்கள் வாட்ஸ்அப் கணக்கை அவர் போனில் திறப்பதற்கான எண். கொடுத்த சில நிமிடங்களில் உங்கள் பெயரில் உங்கள் உறவினர்களிடம் கடன் கேட்கத் தொடங்குவார். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி ஒரு பின் எண் வைத்துக்கொள்ளுங்கள்.

பேரம் பேசாததும் ஓர் அறிகுறிதான், ஆனால் அதைவிட நல்ல அறிகுறி கேள்வி கேட்காதது. பழைய கேமரா வாங்குகிறவர் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது, லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா, பேட்டரி எத்தனை, சார்ஜர் ஒரிஜினலா என்று குடைந்தெடுப்பார். உங்கள் ஆள் இதில் ஒன்றாவது கேட்டாரா?

இனி, ஆள் நேரில் வந்து பொருளைப் பார்த்தாலும் நடக்கக்கூடிய ஒரு மோசடி. இதில் இரண்டு நல்லவர்கள் ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் இருப்பவர் உங்கள் விளம்பரத்தை நகலெடுத்து, குறைந்த விலையில் தன் பெயரில் போடுவார். அதைப் பார்த்து ஒருவர் வருவார். அவரிடம், ‘பொருள் என் தம்பி வீட்டில் இருக்கிறது, போய்ப் பாருங்கள், விலை மட்டும் அங்கே பேசாதீர்கள்’ என்பார். உங்களிடம், ‘என் மைத்துனர் வந்து பார்ப்பார், அவருக்கு நான் பணம் தர வேண்டியிருக்கிறது, விலையைப் பற்றி வாயே திறக்காதீர்கள்’ என்பார். வந்தவருக்குப் பொருள் பிடித்துவிடும். நடுவிலிருப்பவர் சொன்ன கணக்குக்குப் பணத்தைப் போட்டுவிட்டு, பொருளைத் தூக்குவார். உங்களுக்குப் பணமே வந்திருக்காது. இதன் இன்னொரு வடிவத்தில் வேறெங்கோ வேறொரு பொருள் வாங்க நினைத்தவரின் பணம் உங்கள் கணக்குக்கு வரும், உங்கள் பொருள் நடுவிலிருப்பவரின் ஆளிடம் போகும். பணம் கொடுத்து ஏமாந்தவர் காவல் நிலையம் போனால், புகாரில் முதல் பெயர் உங்களுடையது.

இதை உடைக்க ஒரு நிமிடப் பேச்சு போதும். அதனால்தான் பேசாதீர்கள் என்று இருவரிடமும் சொல்லி வைக்கிறார். எதிரில் நிற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: இந்த விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள், என்ன விலை சொன்னார்கள், பணத்தை யார் கணக்கில் போடப் போகிறீர்கள்? எதிரில் நிற்பவரின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு, உங்கள் கண்முன் வரும் பணத்துக்கு மட்டுமே பொருளைக் கொடுங்கள். அனுப்பியவர் பெயர் வேறாக இருந்தால் பொருள் உங்களிடமே இருக்கட்டும்.

கூரியரில் அனுப்புவதாக முடிவானால் பெட்டி கட்டும் முறையில் கவனம் வேண்டும். ‘உடைந்து வந்தது’ என்று சொல்லி, தன்னிடம் ஏற்கெனவே இருந்த உடைந்த கேமராவைத் திருப்பி அனுப்புவதும் ஒரு தொழில். கேமராவின் வரிசை எண், கூடவே உடலில் இருக்கும் ஒரு சின்னக் கீறல், இரண்டையும் அருகில் வைத்துப் படமெடுங்கள். பிறகு வெட்டாமல் ஒரே வீடியோ: கேமரா இயங்குவது, வரிசை எண், பெட்டிக்குள் போவது, டேப் ஒட்டுவது, முகவரிச் சீட்டு. கடைசியாகப் பெட்டியைத் தராசில் வைத்து எடையைக் காட்டுங்கள். கூரியர் ரசீதிலும் எடை இருக்கட்டும். காலிப்பெட்டி வந்தது என்ற புகாருக்கு எடையைவிட நல்ல பதில் கிடையாது. வாங்குபவராக இருந்தால் இதே வீடியோவை, டேப் உடைக்கும் முன்பிருந்து தொடங்குங்கள்.

நீங்கள் வாங்கும்போது எடை இன்னோரிடத்திலும் உதவும். விற்பவர் உங்கள் ஊரிலேயே, அதே அஞ்சல் குறியீட்டில், வேறு யாருக்கோ ஒரு காகித உறையை அனுப்பிவிட்டு அந்தக் கூரியர் எண்ணை உங்களுக்குத் தருவார். ‘சேர்க்கப்பட்டது’ என்று காட்டும். எந்த முகவரியில், யார் கையெழுத்தில், என்ன எடையில் சேர்க்கப்பட்டது என்பதற்குக் கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் சான்று கேளுங்கள். காகித உறைக்குக் கேமராவின் எடை இருக்காது.

இப்போது ஐபோன். முன்பணம் வேண்டாம் என்றதற்குக் காரணம், அது கட்டங்களைப் புரட்டிப் போடுகிறது. பொருளும் பணமும் அவர் கையில், உங்கள் கையில் ஒன்றும் இல்லை. ‘இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்’ என்றால் போகட்டும். பழைய போனுக்குப் பஞ்சமில்லை. போன் நிஜமாகவே அவரிடம் இருக்கிறதா என்று பார்க்க, விளம்பரப் படங்களை, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் போட்டுத் தேடுங்கள். விளம்பரத்தின் ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் வைத்தும் தேடுங்கள். புதுப் படம் கேட்பது முன்புபோல் பயன்படுவதில்லை, தேதி எழுதிய தாளை வைத்துப் படம் தயாரிப்பது இன்று எளிது. வீடியோ அழைப்பில் வரச்சொல்லி, ‘திருப்புங்கள், செட்டிங்ஸைத் திறங்கள், அந்த மூலையைக் கிட்டே காட்டுங்கள்’ என்று நீங்கள் சொல்லச் சொல்லச் செய்யவையுங்கள். அழைப்புக்கே மறுத்தால் அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

பார்க்கும் இடம் பகல் நேரத்தில், கேமரா கண்காணிப்பு உள்ள பொது இடமாக இருக்கட்டும். வங்கிக் கிளையின் முன்கூடம் நல்லது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சில காவல் நிலையங்கள் இதற்கென்றே வாகன நிறுத்தத்தில் இடம் ஒதுக்கியிருக்கின்றன. உங்கள் சிம், சார்ஜர், இணையம் தர ஒரு போன், மூன்றையும் எடுத்துப் போங்கள். குறைந்தது 20 நிமிடம் ஒதுக்குங்கள்.

‘எல்லாவற்றையும் அழித்துத் தயாராகக் கொண்டுவருகிறேன்’ என்பார். வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். அவர் கணக்கு உள்ளே இருக்கும் நிலையில்தான் போனைப் பார்க்க வேண்டும். ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் என்று டயல் செய்தால் போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். செட்டிங்ஸில், ஜெனரல், அபௌட் பக்கத்தில் இருப்பதும், பெட்டியில் இருப்பதும் அதே எண்தானா? மாடலுக்குத் தக்கபடி பேட்டரியோ திரையோ மாற்றப்பட்டிருந்தால், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15.2 பதிப்பிலிருந்து அதே பக்கத்தில் பாகங்களின் வரலாறு என்று ஒரு பகுதி தெரியும். உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு செய்யுங்கள். இரு பக்கக் கேமரா, ஸ்பீக்கர், மைக், சார்ஜ் ஏறுகிறதா, முகத்தை அடையாளம் காண்கிறதா என்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை.

முக்கியமானது இனிதான். 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்த ஆக்டிவேஷன் லாக் என்ற பூட்டு, போனை அழித்தாலும் போகாது. பழைய உரிமையாளரின் கடவுச்சொல் இல்லாமல் அந்தப் போன் கண்ணாடிச் சில்லுதான். எனவே உங்கள் கண்முன் அவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும், தொலைந்த போனைத் தேடும் ‘ஃபைண்ட் மை’ வசதி அணைய வேண்டும். அதற்கு அவர் கடவுச்சொல் போட்டாக வேண்டும், மறந்துவிட்டது என்றால் போன் அவருடையதாக இல்லாமல் இருக்கலாம். பிறகு முழுதும் அழித்து, நீங்கள் கொண்டுபோன இணையத்தில் புதுப்போன்போலத் தொடங்குங்கள். முகப்புத் திரை வரும்வரை போங்கள். நடுவில் பழைய கணக்கைக் கேட்டாலோ, ஒரு நிறுவனம் இந்தப் போனை நிர்வகிக்கிறது என்று வந்தாலோ எழுந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு வாங்குவதாக இருந்தாலும் 5.1 பதிப்பிலிருந்து இதேபோன்ற பூட்டு உண்டு. முதலில் கூகுள் கணக்கை நீக்கச் சொல்லி, பிறகு அழிக்கச் சொல்லுங்கள்.

சோதித்த போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். ‘கொடுங்கள், பெட்டியில் வைத்துத் தருகிறேன்’ என்று வாங்கி, வேறொன்றை வைத்துக் கொடுப்பது பழைய கைவரிசை. பணம் அதன் பிறகு. அவர் வாங்கிய ரசீதின் நகலையும், விற்றதற்கு இரண்டு வரி எழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருவேளை அந்தக் கோடை ஏற்கெனவே யாராவது உங்கள் வீட்டில் ஸ்கேன் செய்திருந்தால், அல்லது இனி எப்போதாவது பணம் போய்விட்டால், நேரம் மணிக்கணக்கில்தான். பணம் ஒரு கணக்கில் தங்காது, அடுத்தடுத்துத் தாவும். அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணில் வங்கியை அழையுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண் அதே கும்பலுடையதாக இருக்கலாம். மோசடி என்ற சொல்லைச் சொல்லி, பணம் போன கணக்கை நிறுத்தச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். திரையைப் பகிரும் செயலி எதையாவது நிறுவச் செய்திருந்தால் இணையத்தைத் துண்டித்து அதை நீக்கிவிட்டு, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். உரையாடலை அழிக்காதீர்கள். விளம்பரப் பக்கம், அவர் கணக்கின் முகவரி, பணம் போன கணக்கு எண், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் சேமித்துக் காவல்துறையிலும் அந்தச் சந்தைத் தளத்திலும் புகார் கொடுங்கள்.

அதற்குப் பிறகு சில நாளில் ஓர் அழைப்பு வரும். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் முதலில் கட்டுங்கள் என்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலை விலைக்கு வாங்கி வைத்திருப்பவர்கள் அவர்கள். நீங்கள் இழந்த தொகை முதற்கொண்டு சரியாகச் சொல்வார்கள்.

கேமராக்காரருக்கு இன்று இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கோடு வேண்டாம், என் கணக்கு எண்ணைத் தருகிறேன், பணம் வந்ததும் நானே கூரியரில் போடுகிறேன். லென்ஸைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமா?’ வாங்குகிறவராக இருந்தால் லென்ஸைப் பற்றிக் கேட்பார்.